சலிக்னா மரத்தை அறுத்தால் பலகை நடுவில் தடித்தும் முனைகளில் மெலிந்தும் வருகிறது: பழுது இயந்திரத்திலா, மரத்திலா?

கரும்புத்தோட்டத்தார், குவாதுக்குசா

அனைவருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கடற்கரைப் பகுதியில், குவாதுக்குசாவுக்கு வடக்கே எங்களுக்கு ஒரு சிறிய கரும்புத் தோட்டம் இருக்கிறது. அதன் மேற்கு எல்லையில் என் தாத்தா காற்றுத்தடுப்பாக வரிசையாக நட்டு வைத்த கம் மரங்கள் நிற்கின்றன. இங்கே மரக்கடைக்காரர்கள் சலிக்னா என்று சொல்லி விற்கும் அதே யூக்கலிப்டஸ்தான். அவற்றில் சில மின்கம்பியின் பக்கம் சாய்ந்துவிட்டதால், கடந்த ஜூன் மாதத்தில் 11 மரங்களை வெட்டிச் சாய்க்க வேண்டியதாயிற்று. விறகுக்குக் கொடுத்துவிட மனம் வரவில்லை. தோட்டத்திலேயே இருக்கும் எங்கள் முருகன் கோயிலில் தைப்பூசத்தன்று அன்னதானத்துக்கு வருகிறவர்கள் இன்னமும் வாடகை நாற்காலிகளில்தான் உட்காருகிறார்கள். தாத்தா நட்ட மரத்திலேயே இருக்கைகளும் பரிமாறும் மேசைகளும் செய்துவிட வேண்டும் என்றும், மீதி மரத்தில் சமையல் கொட்டகைக்குக் கூரைச் சட்டம் எடுக்கலாம் என்றும் எண்ணி, பெட்ரோல் இயந்திரத்தில் ஓடும் சிறிய பட்டை ரம்ப அறுவை இயந்திரம் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். தண்டவாளத்தின் மேல், ரம்பம் பொருத்திய தலைப்பகுதியைக் கையால் தள்ளி அறுக்கும் வகை அது. 13 குதிரைத்திறன் இயந்திரம். ரம்பத்தின் அகலம் 32 மில்லிமீட்டர்.

தடிகள் 40 முதல் 50 சென்டிமீட்டர் விட்டம் இருக்கும். எல்லாவற்றையும் 3.6 மீட்டர் நீளத்துக்கு வெட்டி வைத்திருக்கிறேன். முதல் தடியை ஏற்றி, மேலிருந்து பட்டைப் பலகையை, அதாவது மரப்பட்டை ஒட்டிய வெளிப்பலகையை, சீவி எடுத்தேன். ரம்பம் மறுமுனையில் வெளியே வந்த அந்த நொடியிலேயே, சீவிய பலகையின் இரண்டு முனைகளும் வில்லைப் போல மேலே எழும்பிவிட்டன. அதற்குப் பிறகு 28 மில்லிமீட்டர் கனம் வைத்து வரிசையாக அறுத்த பலகைகளில் ஒன்றுகூடச் சீராக இல்லை. கணுக்கள் இருக்கும் இடத்தில் ரம்பம் அலைந்து மேலும் கீழுமாகப் போய்விடுகிறது.

தண்டவாளத்தின் மேல் நூல் பிடித்துப் பார்த்தேன், நேராகத்தான் இருக்கிறது. விற்றவரோ இயந்திரத்தில் குறையே இல்லை என்கிறார். பக்கத்துத் தோட்டத்துக்காரர் சட்டகம் முறுக்கிக்கொண்டிருக்கும், விற்றுத் தொலைத்துவிடு என்கிறார். நான் மரத்தைப் பற்றி அறிந்தவன் அல்லன். கரும்புதான் எனக்குத் தெரியும். மீதமுள்ள 10 மரங்களையும் பாழாக்குவதற்கு முன் அனுபவமுள்ளவர்கள் யாராவது வழி சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கூர்ப்பல், பைன்டவுன்

விற்றுவிட வேண்டாம், அண்ணா. எதையும் முடிவு செய்வதற்கு முன் கெட்டுப்போன பலகைகளில் இரண்டை எடுத்து, ஒவ்வொன்றிலும் முனை, கால், நடு, முக்கால், மறுமுனை என்று ஐந்து இடங்களில் கனத்தை அளந்து இங்கே எழுதுங்கள். சீவும்போது தடியை எத்தனை முறை புரட்டினீர்கள், ரம்பத்தின் பல் எத்தனை பாகைக் கோணம், தடியை எப்படி இழுத்து வந்தீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்த ஐந்து எண்கள் தெரிந்தாலே பாதி விடை வந்துவிடும்.

கரும்புத்தோட்டத்தார், குவாதுக்குசா

உடனே பதில் தந்ததற்கு நன்றி, தம்பி. பட்டைப் பலகைக்கு அடுத்து வந்த முதல் பலகையில் 26, 30, 32, 30, 26 மில்லிமீட்டர். அதே தடியில் ஐந்தாவதாக வந்த பலகையில் 27, 28, 34, 24, 28. இதில் 34 வந்த இடத்தில் முட்டி அளவுக்கு ஒரு கணு இருக்கிறது. தடியை நான் புரட்டவே இல்லை; ஒரே பக்கமாக மேலிருந்து கீழே ரொட்டியை நறுக்குவதுபோல் அறுத்துக்கொண்டே போனேன். ரம்பத்தின் மேல் 10 பாகை என்று அச்சிட்டிருக்கிறது. தடிகளைச் சங்கிலி கட்டி டிராக்டரால் கரும்பு வெட்டிய நிலத்தின் வழியாக இழுத்து வந்தோம். பட்டையை உரிக்கவில்லை.

மலைநாட்டு அறுவையாளர், கிரேடவுன்

தம்பி, உங்கள் இரண்டு பலகைகளும் இரண்டு வெவ்வேறு நோய்களைச் சொல்கின்றன. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டால் மருந்து கிடைக்காது. கிரேடவுன் வட்டாரத்து அறுவை ஆலை ஒன்றில் 31 ஆண்டுகள் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். பைன் மரத்தையும் கம் மரத்தையும் பக்கத்துப் பக்கத்து வரிசையில் அறுத்திருக்கிறேன். முதல் பலகையைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். இரண்டாவதை ரம்பம் தீட்டத் தெரிந்த கூர்ப்பல் தம்பி சொல்லட்டும்.

26, 30, 32, 30, 26 என்ற வரிசையை மறுபடி பாருங்கள். இரு முனைகளும் சமமாக மெலிந்து, நடு சமச்சீராகப் பருத்திருக்கிறது. முறுக்கிய சட்டகமோ தளர்ந்த ரம்பமோ இப்படிக் கணக்காகத் தவறு செய்யாது. இது மரத்துக்குள்ளேயே இருக்கும் இழுவிசை. மரம் ஆண்டுதோறும் வெளிப்புறத்தில் புதிய அடுக்கை வளர்க்கிறது அல்லவா? அந்தப் புதிய அடுக்கு முதிரும்போது நீளவாக்கில் சுருங்கப் பார்க்கிறது. உள்ளே இருக்கும் பழைய கட்டை அதைச் சுருங்க விடுவதில்லை. ஆகையால் வெளிப்பகுதி இழுத்துக் கட்டிய நாண்போல் விறைத்து நிற்கிறது, அதன் எதிர்விளைவாக உட்பகுதி அழுத்தப்பட்டு நிற்கிறது. எல்லா மரத்திலும் இது உண்டு என்றாலும், வேகமாக வளரும் யூக்கலிப்டஸில்தான் அறுப்பவனின் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு இருக்கும். மரத்தைச் சாய்த்துத் துண்டு போட்டவுடன் வெட்டுமுகத்தில் நட்சத்திரம் போல வெடிப்பு விடுவதும் இதே காரணத்தால்தான்.

நீங்கள் மேல்பக்கத்தைச் சீவியபோது ஒரு பக்கத்து நாணை அறுத்துவிட்டீர்கள். சீவிய பலகை தன் பட்டைப்பக்கம் சுருங்கி, முனைகளை மேலே தூக்கிக்கொண்டது. தடியிலோ கீழ்ப்பக்கத்து நாண் இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது. அதைச் சமன் செய்ய மேலே ஒன்றும் இல்லை. ஆகவே தடி நடுவில் மேலே முதுகு தூக்கிக்கொள்கிறது. ரம்பம் நேராகத்தான் போகிறது. முதுகு தூக்கிய தடியை நேராக அறுத்தால் அடுத்த பலகை நடுவில் தடித்துத்தான் வரும். உங்கள் இயந்திரம் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது.

இதற்குப் பரிகாரம் புரட்டுவது. மேலே பட்டைப் பலகையைச் சீவியதும் தடியை 180 பாகை திருப்பி, எதிர்ப்பக்கத்திலும் சீவிவிடுங்கள். பிறகு இந்தப் பக்கம் ஒன்றிரண்டு பலகை, அந்தப் பக்கம் ஒன்றிரண்டு பலகை என்று மாற்றி மாற்றி எடுத்து, இரு பக்கத்து இழுவிசையையும் ஒன்றாகக் குறைத்துக்கொண்டே நடுவுக்கு வாருங்கள். இடையில் தடி மறுபடியும் முதுகு தூக்கினால், ஒரு மெல்லிய சீவலைக் கழித்து முகத்தை நேராக்கிவிட்டுத் தொடருங்கள். அந்தச் சீவலுக்காக மனம் வருந்தினால் இரண்டு நல்ல பலகைகள் போகும்.

புரட்டுவதைவிடப் பெரிய பலன் தருவது ஒன்று உண்டு. உங்கள் இருக்கைகளின் நீளம் என்ன? பெரும்பாலும் 1.8 மீட்டர் இருக்கும் என்று நினைக்கிறேன். அப்படியானால் 3.6 மீட்டர் தடியை ஏன் அறுக்க வேண்டும்? வளைவு ஒரே அளவாக இருக்கும்போது, நடுவில் எழும்பும் உயரம் நீளத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. நீளத்தைப் பாதியாக்கினால் முதுகு கால் பங்காகிவிடும். உங்கள் பலகையில் நடுவுக்கும் முனைக்கும் 6 மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தது. அதே தடியை இரண்டாக வெட்டியிருந்தால் ஏறத்தாழ 1.5 மில்லிமீட்டர்தான் வந்திருக்கும். இழைப்புளியில் போய்விடக்கூடிய அளவு அது. ஈரத்தோடு அரை டன்னுக்கு மேல் கனக்கும் தடியை உருட்டிப் புரட்டும் பாடும் பாதியாகக் குறையும். ஆனால் துண்டு போட்ட அன்றே, அல்லது மறுநாளே அறுத்துவிட வேண்டும். ஒவ்வொரு புதிய வெட்டுமுகமும் ஒரு புதிய வெடிப்புக்கு வாசல்.

நடுப்பகுதியில், மரத்தின் மையத்தைச் சுற்றி ஒரு 10 சென்டிமீட்டர் சதுரத்தை இருக்கைக்குப் பயன்படுத்த வேண்டாம். வளர வளர அந்தப் பகுதி அழுத்தப்பட்டு, அதன் நார்கள் கண்ணுக்குத் தெரியாமல் நசுங்கியிருக்கும். பார்ப்பதற்கு நல்ல கட்டையாகத் தெரியும். பாரம் ஏறினால் நார்நாராகப் பிளக்காமல் கேரட் முறிவதுபோல் குறுக்கே முறியும். அதை அப்படியே சதுரமாக விட்டு, தடிகளை உருட்டி வைப்பதற்கான அடிக்கட்டையாக வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன். கம் மரத்தை அறுத்து முடிக்கும் தறுவாயில் தடியின் முனைக்கு நேரே யாரும் நிற்கக் கூடாது; பலகையின் மேல் குனியவும் கூடாது. ஆலையில் சேர்ந்த மூன்றாம் ஆண்டில், பிடிப்பைத் தளர்த்திய கணத்தில் எழும்பிய பட்டைப் பலகை ஒன்று என் இடது முழங்காலில் அடித்தது. மழைக்காலத்தில் இன்றைக்கும் அந்த முழங்கால் எனக்கு நினைவூட்டுகிறது. கோயில் வேலை என்று பிள்ளைகள் ஆர்வமாகக் கூடுவார்கள். அவர்களைத் தள்ளி நிற்க வையுங்கள்.

கூர்ப்பல், பைன்டவுன்

ஐயா சொன்னது முழுவதும் சரி. நான் இரண்டாவது பலகையை எடுத்துக்கொள்கிறேன். 27, 28, 34, 24, 28. இதில் சமச்சீர் இல்லை. கணுவில் ஏறி, கணுவைத் தாண்டியதும் இறங்கியிருக்கிறது. அது ரம்பத்தின் கோளாறு. நான் பட்டை ரம்பங்களைத் தீட்டிப் பல் விரித்து, அதாவது பற்களை இரு பக்கமும் லேசாகச் சாய்த்து, கொடுக்கும் தொழில் செய்கிறேன், ஆகவே என்னிடம் வருகிற ரம்பங்களில் பத்துக்கு ஏழு எதனால் கெடுகின்றன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்: மண். நீங்கள் பட்டையை உரிக்காமல் கரும்பு நிலத்தின் வழியாக இழுத்து வந்திருக்கிறீர்கள். பட்டையின் வெடிப்புகளில் ஏறிய மணல் ஒவ்வொன்றும் பல்லின் முனையைத் தேய்க்கும் சாணைக்கல். முதல் ஐந்து நிமிடத்திலேயே கூர் போயிருக்கும். கூர் போன பல் மென்மையான இடத்தில் எப்படியோ இழுத்துக்கொண்டு போய்விடும். கணு வந்ததும் அதை வெட்டிச் செல்ல முடியாமல் எளிதான வழியைத் தேடி ஏறும் அல்லது இறங்கும். கம் மரத்தின் பட்டை, வெட்டிய சில நாட்களுக்குள் நீளநீளமாக எளிதில் உரியும். காய்ந்துவிட்டால் கட்டையோடு ஒட்டிக்கொள்ளும். இப்போது உங்களுடையது ஒட்டியிருக்கும் என்பதால், அறுக்கும் பாதையில் மட்டுமாவது கோடாரியால் செதுக்கி, கம்பித் தூரிகையால் தேய்த்துவிடுங்கள்.

அடுத்தது பல்லின் கோணம். 10 பாகை என்பது பைன் போன்ற மெல்லிய மரத்துக்கும் பொது வேலைக்கும் ஏற்றது. பல் முன்னே சாய்ந்து மரத்தை ஆவலோடு கவ்வும். கடினமான கணு நிறைந்த கம் மரத்தில், அதுவும் 13 குதிரைத்திறன் மட்டுமே உள்ள இயந்திரத்தில், 4 பாகை அல்லது 7 பாகைப் பல் நிதானமாக நேர்க்கோட்டில் போகும். இரண்டு மூன்று ரம்பங்களை வாங்கி மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். இரண்டு மணி நேரம் ஓடியதும், மழுங்கவில்லை என்று தோன்றினாலும், கழற்றி வேறொன்றைப் போடுங்கள். வேலை முடிந்ததும் ரம்பத்தின் இறுக்கத்தைத் தளர்த்திவிட்டுப் போங்கள். இறுக்கியபடியே இரவு முழுவதும் விட்டால் பல்லுக்கு இடையிலுள்ள குழியில் மயிரிழை போன்ற வெடிப்பு உண்டாகி, பிறகு ஒருநாள் ஓட்டத்தில் அறுந்துவிடும்.

ரம்பத்தின் நலத்தை மரத்தூளே சொல்லும். ஓடிக்கொண்டிருக்கும்போது அல்ல, நிறுத்திய பிறகு ஒரு பிடி அள்ளிப் பாருங்கள். அவல்போல் சிறுசிறு துணுக்குகளாகவும் தொட்டால் குளிர்ச்சியாகவும் இருந்தால் பல் வெட்டுகிறது. மாவுபோல் நுண்ணிதாகவும் வெதுவெதுப்பாகவும் இருந்தால் பல் வெட்டவில்லை, தேய்க்கிறது. அறுத்த பலகையின் முகத்தில் தூள் பத்திப்பத்தியாக ஒட்டிக்கொண்டிருந்தால் பல் விரிப்பு போதாது, அல்லது ரம்பத்தில் பிசின் படிந்திருக்கிறது. தண்ணீர்த் தொட்டியில் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவத்தைச் சில சொட்டு கலந்து ரம்பத்தின் மேல் சொட்ட விடுங்கள். குழாயைத் திறந்துவிட வேண்டாம், சொட்டினால் போதும். ரம்பத்தை அலையாமல் தாங்கும் நகரக்கூடிய வழிகாட்டி உருளையைத் தடியை உரசாத அளவுக்கு, இரண்டு மூன்று சென்டிமீட்டர் வரை, நெருக்கி வையுங்கள். ஒவ்வொரு தடிக்கும் விட்டம் மாறும். உருளையும் அதோடு நகர வேண்டும். நீங்கள் அதை ஒரே இடத்தில் விட்டிருப்பீர்கள் என்பது என் ஊகம்.

ஒரு எச்சரிக்கை: உங்கள் மரங்கள் எல்லையில் நின்றவை. எல்லை மரம் என்றால் வேலிக்கம்பி அடித்திருப்பார்கள், அதை மரம் விழுங்கியிருக்கும். தடியின் வெட்டுமுகத்தில் கருநீல நிறத்தில் மை கசிந்ததுபோல் கறை தெரிகிறதா என்று பாருங்கள். மரத்திலுள்ள துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்ந்தால் வரும் நிறம் அது. கறை இருந்தால் அந்த நீளத்தில் எங்கோ ஆணியோ கம்பியோ இருக்கிறது. போன ஆண்டு என் மாமாவின் வீட்டு வேலியோரம் நின்ற மரத்தை அறுக்கும்போது, கறையைப் பார்த்தும் பொருட்படுத்தாமல் போனதால், ஒரே கம்பியில் ஒரு புதிய ரம்பத்தின் 40 பற்களை இழந்தேன். சாதாரணக் கையடக்க உலோகம் காட்டும் கருவி ஒன்று இருந்தால் அதன் விலையை ஒரே நாளில் மீட்டுவிடலாம்.

இழைப்புளி அக்கா, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

அறுப்பைப் பற்றி இருவரும் நிறையச் சொல்லிவிட்டார்கள். எனக்குக் கவலையெல்லாம் அதற்குப் பிறகு என்ன ஆகும் என்பதுதான், ஏனெனில் நன்றாக அறுத்த கம் மரத்தை மோசமாகக் காயவைத்துக் கெடுத்தவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். தச்சுப் பட்டறை நடத்துகிறேன். வெளியிலிருந்து வரும் சலிக்னா பலகைகளில் மேற்பரப்பு முழுவதும் மயிரிழை வெடிப்பு ஓடியவற்றைத் திருப்பி அனுப்புவது எனக்கு மாதாந்திர வேலையாகிவிட்டது.

தம்பி, நீங்கள் அறுக்கப்போகும் காலம் எது என்று எண்ணிப் பாருங்கள். ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் உள்நாட்டு மேட்டுநிலத்திலிருந்து கடலை நோக்கி இறங்கும் பெர்க் காற்று வீசும். காலையில் குளிராக இருந்த நாள் மதியத்துக்குள் அடுப்பு வாய்போல் ஆகிவிடும். ஈரத்தோடு இருக்கும் கம் பலகையை அந்தக் காற்றில் ஒரே ஒரு பிற்பகல் திறந்து வைத்தால் போதும். மேல்தோல் சுருங்கும், உள்ளே இருக்கும் ஈரம் விடாது, தோல் வெடித்துவிடும். அந்த வெடிப்பை எந்த இழைப்புளியாலும் எடுக்க முடியாது. ஆகவே முதல் ஆறு வாரங்களுக்கு உங்கள் நோக்கம் காயவைப்பது அல்ல, காய்வதைத் தாமதப்படுத்துவது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கூரைக்குக் கீழே, தரையிலிருந்து ஒன்றரை அடி உயர்த்திய சமமான தாங்கிகளின் மேல் பலகைகளை அடுக்குங்கள். ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவே 25 மில்லிமீட்டர் கனமுள்ள காய்ந்த பைன் குச்சிகளை 40 சென்டிமீட்டருக்கு ஒன்றாக வையுங்கள். குச்சிகள் மேலிருந்து கீழ்வரை ஒரே நேர்க்கோட்டில் நிற்க வேண்டும், குச்சிக்குக் கீழே தாங்கியும் இருக்க வேண்டும். ஒரு குச்சி ஒரு விரல் விலகினாலும், பலகை அந்த இடத்தில் தொங்கி அப்படியே காய்ந்து, ஆயுள் முழுவதும் அந்த வளைவோடுதான் இருக்கும். பலகையின் இரு முனைகளிலும் அறுத்த அன்றே மெழுகோ மீந்துபோன பெயிண்டோ இரண்டு பூச்சு பூசிவிடுங்கள். அடுக்கைச் சுற்றிச் சணல் சாக்கையோ நிழல் வலையையோ தொங்கவிடுங்கள். பெர்க் காற்று வீசும் நாளில் சாக்கை நனைத்துவிடுங்கள். மேலே பாரமாகக் கற்களையோ சிமெண்டுக் கட்டிகளையோ ஏற்றுங்கள். பலகையின் அகலப்பக்கம் வில்லாக வளைவதைப் பாரம் அடக்கிவிடும்; பக்கவாட்டில் வாள்போல் வளைவதை எந்தப் பாரமும் அடக்காது. அதனால் தேவையான அகலத்தைவிட 15 அல்லது 20 மில்லிமீட்டர் கூடுதலாக விட்டு அறுத்து, காய்ந்த பிறகு ஓரத்தை நேராக்கிக்கொள்ளுங்கள்.

எப்போது காய்ந்தது என்று கையால் தட்டிப் பார்த்துச் சொல்கிறவர்களை நம்ப வேண்டாம். ஒரு பலகையின் முனையிலிருந்து ஒரு முழம் உள்ளே தள்ளி, இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு துண்டை வெட்டி உடனே எடை போடுங்கள். பிறகு அடுப்பில் 103 பாகை செல்சியஸில், எடை மேலும் குறையாமல் நிற்கும் வரை வைத்து மறுபடி நிறுங்கள். முதலில் 200 கிராம், பிறகு 125 கிராம் என்றால், போன தண்ணீர் 75 கிராம். 75-ஐ 125-ஆல் வகுத்தால் ஈரம் 60 சதவீதம். உங்கள் கடற்கரைப் பகுதியில் கூரைக்குக் கீழே இருக்கும் மரம் கடைசியில் 12 முதல் 14 சதவீதத்தில் போய் நிற்கும். ஜோகனஸ்பர்க்கில் அது அதைவிடக் குறைவு. அதனால்தான் இங்கே செய்த மேசையை அங்கே இருக்கும் மகளுக்கு அனுப்பிவைத்தவர்கள், குளிர்காலம் முடிவதற்குள் மேற்பலகை பிளந்துவிட்டது என்று தொலைபேசியில் சொல்லும் நிலை வருகிறது.

28 மில்லிமீட்டர் சலிக்னா பலகை அந்த நிலைக்கு வர ஏறத்தாழ ஓர் ஆண்டு ஆகும். ஆகவே வரும் தைப்பூசத்துக்குள் ஒட்டுப்போட்டு ஆணியடித்து முடித்த இருக்கை என்பது நடக்காது. வலிய முடித்தால் அடுத்த ஆண்டுக்குள் எல்லா மூட்டும் திறந்துகொள்ளும். உங்கள் ஆசையையும் கைவிட வேண்டாம். ஐந்து மாதம் ஆறிய பலகைகளை எதோடும் பிணைக்காமல், மரத்தாங்கிகளின் மேல் சும்மா வரிசையாகப் பரப்பி, நழுவாமல் கயிற்றால் கட்டி, அன்று ஒரு நாள் வாழையிலை போட்டுப் பரிமாறுங்கள். விழா முடிந்ததும் துடைத்து, மறுபடியும் அதே வரிசையில் குச்சி வைத்து அடுக்கிவிடுங்கள். மரமும் கெடாது, சாமிக்கும் குறை இராது.

கூரைச் சட்டம் என்று எழுதியிருந்தீர்கள். அதை மட்டும் விட்டுவிடுங்கள் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். பொதுமக்கள் கூடும் கட்டடத்தின் கூரைக்கு வலிமை சோதித்துத் தரமுத்திரை குத்திய மரம்தான் வேண்டும். கடற்கரைப் பகுதியில் அது எச் 2 என்ற வகையிலாவது பூச்சி மருந்து ஏற்றியதாகவும் இருக்க வேண்டும். கொட்டகையில் அறுத்த சட்டத்துக்கு இரண்டுமே இல்லை. கூரைக்குக் கடையில் வாங்குங்கள். இருக்கைப் பலகைகளிலும் வெளிறு இருந்தால், அதாவது வைரத்துக்கு வெளியே வெளுத்த நிறத்தில் ஓடும் பகுதி இருந்தால், மரத்தைத் துளைத்து மாவாக்கும் சிறு வண்டு அதில் ஏறும். அறுத்தவுடன், ஈரம் காய்வதற்கு முன்பே, வெந்நீரில் கரைத்த போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த கரைசலைப் பூசிவிடுங்கள். மேசையின் மேற்பலகைக்கு வெளிறு இல்லாத வைரக்கட்டையையே பொறுக்கி எடுப்பது இன்னும் நல்லது, ஏனென்றால் அதன் மேல் உணவு வைக்கப்போகிறீர்கள்.

மலைநாட்டு அறுவையாளர், கிரேடவுன்

அக்கா சொன்னதோடு ஒரு சிறு சேர்க்கை. நீங்கள் இயந்திரம் வைத்திருப்பது தெரிந்துவிட்டால், ஊரில் சாய்ந்த மரத்தையெல்லாம் உங்கள் வாசலில் கொண்டுவந்து போடுவார்கள். யெல்லோவுட், ஸ்டிங்க்வுட், மருலா போன்றவை 1998-ஆம் ஆண்டின் தேசியக் காடுகள் சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை. உரிமம் இல்லாமல் வெட்டுவது மட்டுமல்ல, வைத்திருப்பதும் ஏற்றிச் செல்வதும்கூடக் குற்றம். காற்றில் தானாக விழுந்த மரம் என்று சொன்னாலும் காகிதத்தைக் கேட்டுப் பார்த்துவிட்டே ஏற்றுங்கள். டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க் தெருவோர மரங்களிலும் கவனம் வேண்டும். 2017-இல் பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாவரவியல் பூங்காவில் கண்டுபிடிக்கப்பட்ட துளைவண்டு, எள்ளைவிடச் சிறியது, வெட்டிய தடியோடும் விறகோடும் ஊர்விட்டு ஊர் போய் உயிரோடு நிற்கும் மரங்களைக் கொல்கிறது. பட்டையில் குண்டூசித் துளை தெரிந்தால் அந்தத் தடியைத் தோட்டத்துக்குள் விடாதீர்கள். உங்கள் வீட்டு வெண்ணெய்ப்பழ மரத்துக்கும் அது ஆகாது.

கரும்புத்தோட்டத்தார், குவாதுக்குசா

ஐயாவுக்கும் அக்காவுக்கும் தம்பிக்கும் என் மனமார்ந்த நன்றி. மூன்று வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன், ஏனெனில் சொன்னதைச் செய்து பார்த்துவிட்டு எழுத வேண்டும் என்று இருந்தேன்.

தடிகளையெல்லாம் 1.8 மீட்டராகத் துண்டு போட்டேன். ஒரு நாளில் எத்தனை அறுக்க முடியுமோ அத்தனை மட்டுமே. இரண்டு தடிகளின் வெட்டுமுகத்தில் தம்பி சொன்ன கருநீலக் கறை இருந்தது. கோடாரியால் செதுக்கிப் பார்த்தபோது, பட்டையிலிருந்து நான்கு விரல் ஆழத்தில் பழைய முள்கம்பி ஒன்று வளையமாகக் கிடந்தது. தாத்தா கையால் கட்டிய கம்பியாகத்தான் இருக்க வேண்டும். அதைக் கழுவிக் கொட்டகைச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறேன். அந்த இரண்டு தடிகளையும் அறுக்காமல் ஒதுக்கிவிட்டேன்.

7 பாகை ரம்பத்தைப் போட்டு, இரு பக்கமும் மாற்றி மாற்றிப் புரட்டி அறுத்ததில், முதல் தடியின் மூன்றாவது பலகை 28, 29, 29, 29, 28 என்று வந்தது. அளவுகோலை இரண்டு முறை வைத்துப் பார்த்தேன். கணுவில் இன்னும் ஒரு மில்லிமீட்டர் ஏறத்தான் செய்கிறது. அங்கே தள்ளும் வேகத்தைக் குறைத்தால் அடங்குகிறது. வழிகாட்டி உருளையை நான் ஒரே இடத்தில்தான் விட்டிருந்தேன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இதுவரை 64 பலகைகள் அடுக்கில் ஏறியிருக்கின்றன. கூரைக்குப் பைன் சட்டம் வாங்க ஏற்பாடு செய்துவிட்டோம். சென்ற வியாழக்கிழமை பெர்க் காற்று வீசியபோது, என் மனைவியும் பிள்ளைகளும் மாலை வரை சாக்கு நனைத்துக்கொண்டே இருந்தார்கள். மறுநாள் விளக்கு வைத்துப் பார்த்தேன், வெளி அடுக்கில் மூன்று பலகைகளில் மட்டும் முனையில் வெடிப்பு. எடை பார்த்த துண்டு முதலில் 312 கிராம், அடுப்பில் காய்ந்த பின் 178 கிராம்; கணக்குப்படி 75 சதவீதம் வருகிறது. அக்கா, ஒவ்வொரு அமாவாசைக்கும் ஒரு துண்டு வெட்டி நிறுத்துப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். அடுக்கின் நடுவிலிருந்து எடுப்பதா, ஓரத்திலிருந்து எடுப்பதா?

இழைப்புளி அக்கா, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

நடுவிலிருந்து ஒன்று, ஓரத்திலிருந்து ஒன்று என இரண்டும் எடுங்கள், தம்பி. ஓரம் முந்திக் காயும். எதைச் செய்வதானாலும் நடுவின் எண்ணைப் பார்த்தே முடிவு செய்யுங்கள். இரண்டுக்கும் இடையே 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால், சாக்கைக் காற்று வரும் பக்கம் மட்டும் வைத்துவிட்டு மற்றப் பக்கங்களில் எடுத்துவிடுங்கள். வெடித்த மூன்று பலகைகளின் முனைகளிலும் இன்றே மறுபடி மெழுகு பூசுங்கள்.